பிரசிடெண்ட் எலக்சன்ல நம்மளுக்கு ஓட்டு இல்லயான்னு ஆயா கேட்டுச்சு

2022 ஜூலை 18, திங்கக்கிழமை. இன்னும் ஆறே நாள்ல குரூப் 4 பரீட்சை, நான் திண்ணைல பாலிட்டி (அரசியலமைப்பு பாடம்) நோட்ட மடில வச்சிக்கிட்டு படிக்கிற மாதிரி உக்காந்திருந்தேன், உள்ள டிவில காலைல இருந்து ஜனாதிபதி தேர்தல் ஜனாதிபதி தேர்தல்னு ஓடிட்டே இருந்துச்சு. ஆயா களிக்கு ஒல வச்சிட்டு வெளிய வந்துச்சு. "ஏன்டா சாமி, பிரசிடெண்டு எலக்சனாமே, ஒருத்தனும் ஓட்டு கேட்டு வரல, உங்க சின்னம்மாளுக்கு இன்னும் அஞ்சு வருசம் முடியலயே, அதுக்குள்ள என்ன"ன்னு கேட்டுச்சு.

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். எங்க பக்கம் பிரசிடெண்டுன்னா ஊராட்சி மன்றத் தலைவர் தான், வேற ஆளே கிடையாது. 2019 டிசம்பர் எலக்சன்ல எங்க ஊராட்சி பெண்கள் ஒதுக்கீட்டுல வந்ததால சித்தப்பா சின்னம்மாவ நிக்க வச்சாரு, 41 ஓட்டுல ஜெயிச்சாங்க. ஜெயிச்சது சின்னம்மா, ஊரே "பிரசிடெண்டே"ன்னு கூப்பிடறது சித்தப்பாவ. இத மனசுல வச்சிக்கோங்க, பின்னாடி வரும்.

நான் சிரிச்சிட்டு "அது டெல்லி பிரசிடெண்டு ஆயா, நம்ம ஓட்டு கிடையாது"ன்னேன். அது விடல. "நாட்டுக்கே பெரியவங்க, ஊரு பிரசிடெண்டுக்கு ஓட்டு போடறோம், அவங்களுக்கு ஏன் இல்ல"ன்னுச்சு. உண்மைய சொல்றேன், அந்த கேள்விக்கு எனக்கு பதில் தெரியல. அதுக்கு முந்தின வாரம் தான் தர்மபுரில ஒரு கோச்சிங் சென்டர்ல வச்ச மாதிரித் தேர்வுல இதே டாபிக்ல மூணு கேள்வி, மூணும் தப்பு. ஆர்ட்டிகிள் நம்பர் எல்லாம் வரிசையா மனப்பாடம், 52, 53, 54, 55ன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், ஆனா ஏன் அப்படின்னு ஒரு தடவை கூட யோசிச்சது இல்ல.

அந்த ஆறு நாள் நான் இந்த ஒரு விஷயத்த ஆயாவுக்கு புரிய வைக்கறதுலயே பாதி போக்கிட்டேன், ஆனா படிச்சதுலயே மறக்காம நிக்கறது இது ஒன்னு தான், அதனால அந்த கதையாவே சொல்றேன், பரீட்சைக்கு படிக்கிறவங்களுக்கு உதவும்.

மொதல்ல யாரு ஓட்டு போடறா. எம்பிங்க, எம்எல்ஏங்க. ஆனா மக்கள் ஓட்டு போட்டோ, எம்எல்ஏங்க ஓட்டு போட்டோ (ராஜ்யசபா எம்பிய நம்ம எம்எல்ஏங்க தான தேர்ந்தெடுக்கறாங்க) ஜெயிச்சு வந்தவங்க மட்டும். நியமன உறுப்பினருக்கு கிடையாது, மேலவை இருக்கற ஸ்டேட்ல எம்எல்சிக்கு கிடையாது. டெல்லி, புதுச்சேரி எம்எல்ஏங்களுக்கு உண்டு, 70வது திருத்தத்துல சேத்தாங்க. நான் தப்பு பண்ண மூணும் இது தான், எம்எல்சிய சேத்துட்டேன், புதுச்சேரிய விட்டுட்டேன், நியமனத்துல குழம்பிட்டேன். இப்ப மறக்காம இருக்க காரணம் இளையராஜா. அதே ஜூலை மாசம் தான் அவர ராஜ்யசபாவுக்கு நியமிச்சாங்க. ஜனாதிபதி நியமிக்கிற 12 பேர்ல ஒருத்தர், ஆனா ஜனாதிபதி தேர்தல்ல அவருக்கு ஓட்டு இல்ல. நியமிச்சவங்களுக்கே நன்றிக்கடன் ஓட்டு போடற மாதிரி ஆயிடும்ல, அப்படி யோசிச்சா போதும், ஒட்டிக்கும். ஆனா ஜனாதிபதிய பதவி நீக்கணும்னு பார்லிமெண்ட்ல தீர்மானம் வந்தா நியமன எம்பியும் ஓட்டு போடலாம், அங்க எம்எல்ஏங்களுக்கு ஓட்டு இல்ல. தேர்ந்தெடுக்கும்போது ஒரு கூட்டம், நீக்கும்போது வேற கூட்டம். மொத்த உறுப்பினர்ல மூணுல ரெண்டு பங்கு வேணும், ரெண்டு சபைலயும். இது வரைக்கும் ஒரு ஜனாதிபதியையும் அப்படி நீக்கினதில்ல.

அடுத்து ஓட்டு மதிப்பு. இங்க தான் எல்லாரும் தலைய சொறிவாங்க. ஒரு எம்எல்ஏவோட ஓட்டு ஒரு ஓட்டு இல்ல. அந்த மாநில மக்கள்தொகைய மொத்த எம்எல்ஏ எண்ணிக்கையால வகுத்து, அப்புறம் ஆயிரத்தால வகுக்கணும். தமிழ்நாட்டுக்கு 4 கோடியே 11 லட்சத்து 99 ஆயிரத்து சொச்சம், 234 ஆல வகுத்து, ஆயிரத்தால வகுத்தா 176. உத்தரப்பிரதேசத்துல 208, சிக்கிம்ல வெறும் 7.

4 கோடியா, இப்ப ஏழு கோடிக்கு மேல ஆச்சேன்னு கேப்பீங்க. அது 1971 சென்சஸ். குடும்பக் கட்டுப்பாட்ட ஒழுங்கா செஞ்ச மாநிலத்துக்கு செல்வாக்கு குறைஞ்சிடக் கூடாதுன்னு அந்த நம்பர அப்படியே நிறுத்தி வச்சிருக்காங்க, 2026க்கு அப்புறம் எடுக்கற முதல் சென்சஸ் நம்பர் வெளிவர்ற வரைக்கும் இது தான் கணக்கு. இத சொன்னப்ப ஆயா "எழுவத்தொன்னா, அப்ப தான் நான் கல்யாணம் ஆகி வந்த புதுசு, வீட்டுக்கு வாத்தியாரு வந்து பேரு எழுதிட்டு போனாரு"ன்னுச்சு. எனக்கு ஒரு நிமிசம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த 4 கோடியே 11 லட்சத்துல எங்க ஆயா ஒருத்தி. எங்கப்பா பொறந்தது 73, அவரு இல்ல. நான் இல்ல. சின்னம்மா இல்ல. எங்க வீட்லயே ஜனாதிபதி தேர்தல் கணக்குல இருக்கறது நம்மளுக்கு ஏன் ஓட்டு இல்லன்னு கேட்ட அந்த ஒரே ஆளு தான். 1971ங்கற வருசம் அதுக்கப்புறம் எனக்கு மறக்கவே இல்ல.

நம்ம பக்கத்து கணக்க போட்டு பாத்தேன். தர்மபுரி மாவட்டத்துல அஞ்சு தொகுதி, பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். கிருஷ்ணகிரில ஆறு, ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி. 11 எம்எல்ஏ, 11 பெருக்கல் 176, ஆக 1936. தமிழ்நாடு மொத்தமும் 41,184. படிக்கிறவங்க அவங்கவங்க மாவட்டத்துக்கு இப்படி ஒரு தடவை கைல போட்டு பாருங்க, பார்முலா தானா வந்து உக்காந்துக்கும்.

எம்பி ஓட்டு மதிப்புக்கு வேற வழி. நாட்டுல உள்ள எல்லா எம்எல்ஏ ஓட்டு மதிப்பையும் கூட்டி, அத ஓட்டு உள்ள எம்பி எண்ணிக்கையால வகுக்கணும். 2022ல 5,43,231ஐ 776 ஆல வகுத்து 700. அதுக்கு முன்ன 2017ல 708. ஏன் குறைஞ்சதுன்னா ஜம்மு காஷ்மீர்ல அப்ப சட்டசபை இல்ல. பழைய கைடுல 708னு இருக்கும், அத படிச்சிட்டு போய் ஏமாறாதீங்க, நான் வாங்கின செகண்ட் ஹேண்ட் கைடு அப்படித்தான் இருந்துச்சு. எம்எல்ஏங்க பக்கம் 5,43,231, எம்பிங்க பக்கம் 5,43,200, கிட்டத்தட்ட சரிபாதி. வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, மாநிலங்களும் மத்தியும் சமமா கை வைக்கணும்னு.

ஓட்டுச்சீட்டு எம்பிங்களுக்கு பச்சை, எம்எல்ஏங்களுக்கு பிங்க். ஆயாவுக்கு இது ரொம்ப பிடிச்சு போச்சு, ஏன்னா ஊராட்சித் தலைவர் எலக்சன்லயும் பிங்க் சீட்டு தான், "சின்னம்மாளுக்கு போட்ட கலரு"ன்னுச்சு. ஆனா இதுல சின்னமும் கிடையாது முத்திரையும் கிடையாது, பேருக்கு நேரா 1, 2ன்னு நம்பர் எழுதணும், அதுவும் தேர்தல் ஆணையம் குடுக்கற வயலெட் மை பேனால, சொந்த பேனால எழுதினா செல்லாது. இவங்களுக்கு தான் போடணும்னு கட்சி கொறடா உத்தரவு போட முடியாது. 2022ல 53 ஓட்டு செல்லாம போச்சு, அதுல போடறவங்க எல்லாமே எம்பி எம்எல்ஏங்க தாங்கறத நெனச்சுக்கோங்க. நம்ம ஊர்ல ஆயாங்க ஓட்ட செல்லாத ஓட்டா போடறாங்கன்னு கிண்டல் பண்றவங்களுக்கு இத சொல்லுங்க.

1, 2ன்னு ஏன் எழுதணும்? இத நான் நோட்டுல படிச்சு புரிஞ்சுக்கல, மாங்கால புரிஞ்சுக்கிட்டேன். தர்மபுரி லைப்ரரில ஒன்னா படிக்கிற நாங்க 11 பேரு, கிருஷ்ணகிரில இருந்து வர்ற பையன் வீட்ல தோப்பு, ஒரு கூடை கொண்டு வரேன் எந்த ரகம் வேணும்னு கேட்டான். செந்தூரா 5 பேரு, மல்கோவா 4 பேரு, பெங்களூரா 2 பேரு. சாதா எலக்சன்னா செந்தூரா ஜெயிச்சாச்சு, ஆனா 11ல பாதிக்கு மேலன்னா 6 வேணும், அது யாருக்கும் இல்ல. கடைசில இருக்கற பெங்களூராவ தூக்கிட்டு அந்த ரெண்டு பேரோட ரெண்டாவது விருப்பம் என்னன்னு பாத்தா ரெண்டு பேரும் மல்கோவா. மல்கோவா 6, முடிஞ்சது. செந்தூரா கோஷ்டி ஒத்துக்கல, அன்னிக்கு முழுக்க சண்டை, அது வேற கதை.

இதுல ஒரே மாத்தம், தலைய எண்ணாம ஓட்டு மதிப்ப கூட்டுவாங்க. செல்லுபடியான மொத்த மதிப்புல பாதி, கூட ஒன்னு. நெசமாவே ரெண்டாவது விருப்பம் வரைக்கும் போனது 1969ல. வி.வி.கிரிக்கும் நீலம் சஞ்சீவ ரெட்டிக்கும் போட்டி. முதல் சுத்துல கிரி 4,01,515 வாங்கி முன்னாடி இருந்தாரு, ஆனா வேண்டியது 4,18,169. மத்தவங்கள நீக்கி ரெண்டாவது விருப்பத்த சேத்து தான் 4,20,077 வந்து ஜெயிச்சாரு. அதே சஞ்சீவ ரெட்டி 1977ல போட்டியே இல்லாம ஜனாதிபதி ஆனாரு, இந்த ரெண்டையும் சேத்து ஞாபகம் வச்சா ஒன்ன ஒன்னு இழுத்துட்டு வரும்.

21ஆம் தேதி எண்ணிக்கை. திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்ஹா 3,80,177. ஒடிசால மயூர்பஞ்ச் மாவட்டம், சந்தால் பழங்குடி, 1997ல ராய்ரங்பூர்ல கவுன்சிலரா ஆரம்பிச்சவங்கன்னு டிவில சொன்னத கேட்டு சின்னம்மா அடுப்பாங்கரைல இருந்து எட்டிப் பாத்துச்சு. "கவுன்சிலரா இருந்தவங்களா"ன்னு கேட்டுச்சு. அவ்ளோ தான் கேட்டுச்சு.

இப்ப ஆயாவோட முதல் கேள்விக்கு வரேன், ஏன் நம்ம நேரா ஓட்டு போடறது இல்ல. இதுக்கு பதில் சின்னம்மா கிட்ட இருந்து தான் கெடைச்சுது. சின்னம்மாவ ஊரு நேரா ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்துச்சு, அதனால ஊராட்சி பணத்துக்கு கையெழுத்து போடற அதிகாரம் இருக்கு, வைஸ் பிரசிடெண்டும் கூட போடணும். ஆனா ஒன்றியச் சேர்மன நம்ம நேரா தேர்ந்தெடுக்கறது இல்ல, கவுன்சிலருங்க கூடி தேர்ந்தெடுக்கறாங்க, அதனால அவங்க கவுன்சிலருங்க முகத்த பாத்து தான் நடக்கணும். டெல்லிலயும் அதே கணக்கு தான். ஜனாதிபதிய 140 கோடி ஜனமும் நேரா தேர்ந்தெடுத்துட்டா அவங்க சும்மா இருப்பாங்களா, பிரதமர பாத்து உன்ன ஒரு தொகுதி தான் தேர்ந்தெடுத்துச்சு என்ன நாடே தேர்ந்தெடுத்துச்சுன்னு சொல்ல மாட்டாங்களா. நம்ம ஆட்சி முறைல மந்திரி சபை தான் மக்களுக்கு பதில் சொல்லணும், ஒரே உறைல ரெண்டு கத்தி வேண்டாம்னு தான் அரசியல் நிர்ணய சபைல பேசி மறைமுகத் தேர்தல் வச்சாங்க. ஓட்டு எந்த வழில வருதோ அதிகாரமும் அந்த வழிய பாத்து தான் இருக்கும்னு அன்னிக்கு எனக்கு பட்டுச்சு.

அப்ப ரப்பர் ஸ்டாம்பான்னு கேட்டா, இந்த வார்த்தை எனக்கு பிடிக்காது, எங்க வீட்லயே அத சின்னம்மாவ பாத்து நெறைய பேரு சொல்லிருக்காங்க. முதல் ஒரு வருசம் உண்மையும் அது தான், சித்தப்பா நீட்டற எடத்துல கையெழுத்து. 2021ல ஒரு போர்வெல் மோட்டார் பில்லு வந்துச்சு, மோட்டார் மாத்தவே இல்ல. சின்னம்மா தண்ணி புடிக்கிறதே அந்த டேங்க்ல தான், அதுக்கு தெரியாதா. போட மாட்டேன்னு பேனாவ மூடி வச்சிடுச்சு. சித்தப்பா ரெண்டு நாள் சோறு திங்கல, பில்லும் பாஸ் ஆகல.

ஜனாதிபதியால அவ்ளோ தூரம் போக முடியாது, ஆனா கொஞ்ச தூரம் போகலாம். ஆர்ட்டிகிள் 74 படி மந்திரி சபை ஆலோசனைப்படி தான் நடக்கணும், 1976ல 42வது திருத்தம் அத கட்டாயம் ஆக்குச்சு, 1978ல 44வது திருத்தம் ஒரே ஒரு தடவை மறுபடி யோசிங்கன்னு திருப்பி அனுப்பலாம்னு சொல்லுச்சு, திரும்ப அதே வந்தா போட்டே ஆகணும். பார்லிமெண்ட் மசோதாவும் அப்படித்தான், ஆர்ட்டிகிள் 111. 2006ல அப்துல் கலாம் ஆதாயம் தரும் பதவி மசோதாவ திருப்பி அனுப்பினாரு, பார்லிமெண்ட் மாத்தாம திரும்ப அனுப்புச்சு, கையெழுத்து போட்டாரு. ஆனா கலாமுக்கு முன்ன ஜனாதிபதியா இருந்த ஜெயில் சிங் 1986ல தபால் மசோதாவ திருப்பியும் அனுப்பல, கையெழுத்தும் போடல, அப்படியே வச்சிக்கிட்டாரு, இதுக்கு பேரு தான் பாக்கெட் வீட்டோ. அப்படி வச்சிக்க முடிஞ்சது ஏன்னா இத்தன நாளைக்குள்ள போடணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. பேனாவ மூடி வச்ச சின்னம்மா ஞாபகம் வந்தா பாக்கெட் வீட்டோ ஞாபகம் வந்திடும் எனக்கு.

மாநில மசோதாவுல ஒரு பொறி இருக்கு, கவனிங்க. கவர்னர் அனுப்பி வச்ச மாநில மசோதாவ (ஆர்ட்டிகிள் 201) ஜனாதிபதி திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேத்தினாலும் அவங்க ஒப்புதல் குடுத்தே ஆகணும்னு இல்ல. நம்ம நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பர்ல நிறைவேறி, கவர்னர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரில சட்டசபை மறுபடி நிறைவேத்தி, அப்புறம் டெல்லி போச்சு. ஒப்புதல் இல்லன்னு 2025 ஏப்ரல்ல முதலமைச்சர் சட்டசபைல சொன்னாரு. அங்கயும் ஜனாதிபதி முடிவுன்னா மத்திய மந்திரி சபையோட ஆலோசனைன்னு தான் படிக்கணும்.

மன்னிப்பு அதிகாரமும் இதே மாதிரி. தர்மபுரிக்காரங்களுக்கு இலக்கியம்பட்டின்னா 2000 பிப்ரவரி 2 தான் ஞாபகம் வரும், கோவை வேளாண் கல்லூரி பொண்ணுங்க மூணு பேர பஸ்ஸோட எரிச்சாங்க. தூக்கு தண்டனை வாங்கின மூணு பேருக்கு 2016ல சுப்ரீம் கோர்ட்டே ஆயுளா குறைச்சுது, 2018ல வெளிய விட்டது கவர்னர், மாநில மந்திரி சபை பரிந்துரைல, ஆர்ட்டிகிள் 161. ஜனாதிபதியோடது 72. தூக்க மொத்தமா மன்னிக்கிறதும், ராணுவ கோர்ட் தண்டனைல கை வைக்கிறதும் 72ல மட்டும் தான். படிக்கும்போது இது வெறும் நம்பரு. அந்த வழியா பஸ்ல போகும்போது வெறும் நம்பரா இருக்காது.

ஒரு முட்டாள்தனமும் பண்ணேன், அதையும் சொல்லிடறேன். எங்க ஊர்ல இருந்து மெயின் ரோட்டுக்கு வர்ற பள்ளத்துல மழை வந்தா தண்ணி நிக்கும், பள்ளிக்கூட பிள்ளைங்க செருப்ப கைல புடிச்சிட்டு போகும். பரீட்சை முடிஞ்ச சூட்டுல, நாட்டோட முதல் குடிமகளுக்கே எழுதறேன்னு ஜனாதிபதி மாளிகைக்கு ரிஜிஸ்டர் தபால்ல மனு போட்டேன். கொஞ்ச நாள்ல தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளதுன்னு ஒரு லெட்டர் வந்துச்சு, அப்புறம் அது மேல இருந்து கீழ, கீழ இருந்து இன்னும் கீழன்னு எறங்கி வந்து, கடைசில ஒரு ஆபீஸ்ல இருந்து எனக்கு போன், "தம்பி, ரோட்டுக்கு போயி டெல்லிக்கு எழுதிருக்கியே, உங்க சின்னம்மா தான பிரசிடெண்டு"ன்னு. மானம் போச்சு. ரோடு யாரோடதுன்னு மொதல்ல பாருங்க, ஊராட்சி ரோடா ஒன்றிய ரோடா நெடுஞ்சாலையான்னு. ஊராட்சின்னா கிராம சபைல தீர்மானமா எழுத வைங்க, தீர்மான நோட்டுல ஏறிச்சான்னு கண்ணால பாத்துட்டு தான் கையெழுத்து போடணும். அதுக்கு மேலன்னா கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு, ரசீத பத்திரமா வச்சிக்கணும். அந்த அக்டோபர் 2 கிராம சபைல அத சின்னம்மாவே எழுந்து படிச்சுது, சித்தப்பா பின்னாடி சேர்ல இருந்தாரு. சிறுபாலம் 2024ல தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு.

பரீட்சை முடிஞ்ச அடுத்த நாள், 25ஆம் தேதி முர்மு பதவியேத்த அன்னிக்கு, ஓசூர் பக்கம் தொரப்பள்ளிக்கு பைக்ல போனோம், ராஜாஜி பொறந்த வீட்ட பாக்க. சின்ன ஓட்டு வீடு. கூட வந்தவன் "இந்தியாவோட முதல் ஜனாதிபதி நம்ம மாவட்டம்டா"ன்னான், இந்த தப்ப நெறைய பேரு பண்றாங்க. ராஜாஜி கவர்னர் ஜெனரல், 1948 ஜூன்ல இருந்து 1950 ஜனவரி 26 வரைக்கும், அந்த பதவில இருந்த ஒரே இந்தியர். அன்னிக்கே அந்த பதவி ஒழிஞ்சு, ராஜேந்திர பிரசாத் முதல் ஜனாதிபதி. தமிழ்நாட்டுல இருந்து ஜனாதிபதி ஆனவங்க திருத்தணி ராதாகிருஷ்ணன், பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்து ஆர். வெங்கட்ராமன், ராமேஸ்வரம் கலாம்.

ரிசல்ட் 2023 மார்ச்ல வந்துச்சு, எனக்கு கெடைக்கல, கணக்குல கோட்ட விட்டேன், பாலிட்டில இல்ல. இப்ப ஓசூர்ல கம்பெனி வேலை, ஞாயித்துக்கிழமை ஊர்ல நாலு பிள்ளைங்களுக்கு இத சொல்லிக் குடுக்கறேன், மாங்கா கூடையோட.

2025 ஜனவரி 5ஓட சின்னம்மா பதவிக்காலம் முடிஞ்சு, ஊராட்சிய தனி அலுவலர் கைல குடுத்தாங்க. போன மாசம் வீட்டு வாசல்ல ஒருத்தர் வந்து நின்னு "பிரசிடெண்டே"ன்னு குரல் குடுத்தாரு. சித்தப்பா பேப்பர் படிச்சிட்டே இருந்தாரு, நிமிரல. சின்னம்மா தான் முந்தானைல கைய தொடைச்சிட்டு "சொல்லுங்கண்ணா, என்ன"ன்னு வெளிய வந்துச்சு.